ரேக்கின் முதுகுப்புறம்

டேட்டா சென்டரைப் பற்றிய செய்தி எதுவானாலும் கூட வரும் படம் ஒன்றுதான். நீல வெளிச்சம், இருபக்கமும் கறுப்பு அலமாரிகள், அவற்றில் மினுங்கும் பச்சை விளக்குகள். படம் எடுத்தவர் அலமாரியின் முன்பக்கம் நின்றிருக்கிறார். நான்கு எட்டு வைத்துப் பின்பக்கம் போயிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் காட்சியே வேறு. அங்கே காற்று சுடும். விசிறிகளின் இரைச்சலில் அருகில் இருப்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். மேலிருந்து கீழ்வரை கேபிள்கள், கொத்துக் கொத்தாக, ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பி ஓரத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி, வேறொரு போர்ட்டுக்குள் நுழைகின்றன.

நம் வீட்டுப் புகைப்படம், வங்கிக் கணக்கு, மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் எல்லாம் கடைசியில் போய்த் தங்குவது ஏதோ ஒரு ரேக்கில் இருக்கும் டிஸ்கில்தான். அந்த டிஸ்குக்கும் அதை ஆளும் கணினிக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஓரிரண்டு மீட்டர் கேபிள். அந்த ஓரிரண்டு மீட்டருக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது, அதை எந்த வழியாகக் கொண்டுபோய் எங்கே செருகுகிறோம் என்பதில் எவ்வளவு முன்யோசனை வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். கேபிள் என்பது கருவிகளை வாங்கி மாட்டியபின் கடைசியில் இணைக்கும் துணைப்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது கருவியின் ஒரு பாகம். அதன் நீளம், வளைவு, வழி மூன்றும் கருவி எப்படி வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ரேக்கின் அளவு உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றுதான். முன்பலகையின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை ‘யு’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யு 44.45 மி.மீ. வழக்கமான ரேக் 42 யு. 1920-களில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தொலைபேசிக் கருவிகளை அடுக்குவதற்காக வைத்த அகலம் இது. தொலைபேசி நிலையத்தின் ரிலேக்களுக்காகப் பிறந்த சட்டத்தில்தான் இன்று பெட்டாபைட்கள் உட்கார்ந்திருக்கின்றன.

சேமிப்புக்கான ரேக்கில் பொதுவாக, டிஸ்குகளை ஆளும் கணினிகளான கண்ட்ரோலர்கள் இரண்டு இருக்கும். மீதி இடமெல்லாம் டிஸ்க் ஷெல்ஃப்கள். 4 யு உயரமுள்ள ஒரே ஷெல்ஃபில் 60 டிஸ்க் வரை அடங்கும். ஒவ்வொன்றும் 20 டெராபைட் என்றால் அந்த ஒரு பெட்டியில் மட்டும் 1,200 டெராபைட். டிஸ்குகளோடு சேர்த்தால் எடை நூறு கிலோ அளவுக்கு வரும் என்பதால் இவற்றை ரேக்கின் அடியிலிருந்து மேல்நோக்கி அடுக்குவார்கள். இத்தனை டிஸ்குகளின் தரவும் ஷெல்ஃபின் பின்பக்கம் உள்ள சில போர்ட்களின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே செருகப்படுவது பெரும்பாலும் சாஸ் (SAS) என்ற வகைக் கேபிள். நுனியில் உலோகக் கூடு, பிடித்து இழுக்க ஒரு பிளாஸ்டிக் நாக்கு. உள்ளே நான்கு தடங்கள். 2013-இல் வந்த தலைமுறையில் ஒவ்வொரு தடமும் நொடிக்கு 1,200 கோடி பிட்களைச் சுமக்கிறது.

இந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். நொடிக்கு 1,200 கோடி பிட் என்றால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 83 பிக்கோநொடி. ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் பிக்கோநொடி. செப்புக் கேபிளில் மின்குறிகை ஒளிவேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. ஒரு நானோநொடியில் 20 செ.மீ. அப்படியானால் 83 பிக்கோநொடியில் அது கடக்கும் தூரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது ஒரு பிட்டுக்கு நீளம் உண்டு! இரண்டு மீட்டர் கேபிளின் ஒரு தடத்தில், எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும், சுமார் 120 பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய்க்கொண்டிருக்கும். முதல் பிட் மறுமுனையில் இறங்குவதற்குள் இந்த முனையில் நூற்றுக்கு மேல் ஏறிவிட்டன. கேபிளே தற்காலிகமாக ஒரு சேமிப்பகம் ஆகிவிடுகிறது.

அமெரிக்கக் கடற்படையின் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் தன் உரைகளுக்கு வருபவர்களிடம் ஏறத்தாழ 30 செ.மீ. நீளக் கம்பித்துண்டுகளைக் கொடுப்பார். வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோநொடியில் போகக்கூடிய தூரம் அது. தூரம் என்பது நேரம்தான் என்பதைக் கையில் பிடித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சேமூர் கிரே வடிவமைத்து 1976-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன கிரே-1 சூப்பர் கணினி மேலிருந்து பார்த்தால் முழுவட்டத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததுபோல் வளைந்திருக்கும். அழகுக்காக வைத்த வளைவு என்று பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். வளைவின் உட்பக்கத்தில் கம்பிகளைக் கொண்டுபோனால் அவை குட்டையாக இருக்கும் என்பதே காரணம். நான்கு அடிக்கு மேற்பட்ட கம்பி அதில் கிடையாது. குறிகைகள் சேர்ந்து வந்து சேர வேண்டிய இடங்களில் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிசெய்தார்கள்.

சேர்ந்து வந்து சேருவது என்பது சேமிப்புக் கேபிள்களின் வரலாற்றையே திருப்பிப் போட்ட பிரச்சினை. பழைய மேசைக் கணினியைத் திறந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் பட்டைக் கேபிள் நினைவிருக்கும். 40 முனை, பிற்காலத்தில் 80 கம்பி. கூடுதலாக வந்த 40-உம் தரவு சுமக்காத நிலக்கம்பிகள், அண்டைக் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடாமலிருக்க நடுவில் போட்டவை. 16 பிட்கள் 16 கம்பிகளில் ஒரே நேரத்தில் கிளம்பும். வேகம் கூடக் கூட, அவற்றில் ஒன்று இம்மி முந்தினாலும் இன்னொன்று பிந்தினாலும் எழுத்து மாறிப்போகும். நொடிக்கு 133 மெகாபைட்டோடு அந்த வழி முடிந்தது. அதற்குப் பதிலாக 2003-இல் வந்த சாட்டா (SATA) கேபிளில் மொத்தமே ஏழு கம்பிகள்: போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, மூன்று நிலக்கம்பிகள். அகலத்தைக் குறைத்ததால் வேகம் கூடியது. பிட்கள் ஒரே ஜோடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சாஸ் கேபிளின் தடங்களும் இதே ஏற்பாடுதான்.

ஏன் ஜோடி? இரண்டு கம்பிகளிலும் ஒரே குறிகை எதிரெதிர் மின்னழுத்தமாகப் போகிறது. வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கிறது. வழியில் பவர் கேபிளிலிருந்தோ விசிறி மோட்டாரிலிருந்தோ ஒரு குறுக்கீடு வந்தால் அது இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். கழித்தவுடன் காணாமல் போகும். இரண்டையும் முறுக்கி வைத்தால் இன்னும் நல்லது என்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். தொலைபேசிக் குரலுக்காகக் கண்டறிந்த அந்த முறுக்குத்தான் இன்றைய ஈதர்நெட் கேபிளின் நான்கு ஜோடிகளிலும் இருக்கிறது. நுனியில் கனெக்டர் மாட்டும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதே என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சாஸ் கேபிளிலும் ரேக்குக்குள் ஸ்விட்ச்சை இணைக்கும் குட்டைச் செப்புக் கேபிளிலும் ஜோடியை முறுக்குவதில்லை. இரண்டு கம்பிகளை இணையாக வைத்து உலோகத் தகட்டால் சுற்றியிருப்பார்கள். இங்கே இன்னொரு விசித்திரம் நடக்கிறது. இந்த வேகத்தில் மின்னோட்டம் கம்பியின் உள்ளே போவதே இல்லை. மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. 6 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் பருமனில் எண்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. கம்பியின் நடுவில் இருக்கும் செம்பு அனைத்தும் சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் நல்ல கேபிள்களில் செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசுகிறார்கள். ஓட்டமெல்லாம் நடக்கும் இடம் அந்த முலாம். வேகம் கூடக் கூட ஓடும் தோல் மெலிந்து இழப்பு கூடுவதால், செப்புக் கேபிளின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது. தடத்துக்கு 10 கிகாபிட் இருந்த காலத்தில் 7 மீட்டர் வரை போன கேபிள், 100 கிகாபிட்டில் 2 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது.

ஆனாலும் செம்பை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. 2024-இல் என்விடியா அறிவித்த 72 ஜி.பி.யு. செயலிகள் கொண்ட ரேக்கில், அவற்றை இணைக்க 5,000-க்கும் மேற்பட்ட செப்புக் கேபிள்களைப் போட்டார்கள். மொத்த நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஒளியிழை போட்டிருந்தால் ஒவ்வொரு நுனியிலும் மின்சாரத்தை ஒளியாக்க ஒரு லேசர், ஒளியை மின்சாரமாக்க ஓர் உணரி வேண்டும்; அவற்றுக்கே 20 கிலோவாட் போயிருக்கும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. குட்டையான தூரத்துக்கு, தனக்கென்று மின்சாரம் கேட்காத கம்பியை விஞ்ச இன்னும் ஆளில்லை.

இப்போது இந்தக் கேபிளை வளைத்துப் பாருங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, சுற்றியுள்ள தகட்டுக்கும் கம்பிக்கும் உள்ள தூரம் இவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் குறிகை தடையின்றிப் போகும். ஓரிடத்தில் கூர்மையாக மடித்தால் அங்கே இடைவெளி மாறுகிறது. வந்த அலையில் ஒரு பகுதி அந்த மடிப்பில் மோதித் திரும்பிவிடுகிறது. வெளியே பார்த்தால் கேபிளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே பிழைகள் ஏறிக்கொண்டிருக்கும். கண்ட்ரோலர் தவறிய தரவை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும். பயனாளருக்குத் தெரிவதோ, இன்று ஏனோ மெதுவாக இருக்கிறது என்பது மட்டும். பழுதானால் அறுந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்தப் பழுது அப்படி வருவதில்லை, அதனால்தான் பிடிபடுவதும் இல்லை. ஈதர்நெட் கேபிளை அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது என்பது விதி. 6 மி.மீ. கேபிளுக்கு 24 மி.மீ. ஆரம்.

அப்படியென்றால் கேபிளை எதால் கட்டுவது? தொலைபேசி நிலையங்களில் மெழுகு தடவிய நூலால் கட்டினார்கள். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு நூலை ஓட்டிக் கட்டுவது தனிக் கைத்தொழில். விண்கலங்களில் இன்றும் அது உண்டு. செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் படங்களில் அந்த முடிச்சுகளைப் பார்க்கலாம். அந்த நூலுக்குப் பதிலாக, விமானங்களின் கம்பிக்கற்றைகளைக் கட்டுவதற்காக, தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாரஸ் லோகன் 1958-இல் கொண்டுவந்ததுதான் இன்று மின்கடைகளில் நூறு நூறாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கேபிள் டை. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் டேட்டா கேபிளுக்கு அது எதிரி. இழுத்து முறுக்கினால் கேபிளின் உடம்பை நசுக்கும். உள்ளே இருக்கும் ஜோடியின் வடிவம் அங்கே கெடும். பிறகு வெட்டி எடுக்கும்போது கத்தரி பக்கத்துக் கேபிளையும் தொடும். வெல்க்ரோ பட்டை நசுக்குவதில்லை, எத்தனை முறையும் பிரித்துக் கட்டலாம். ரேக்கில் கேபிள் என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோகும் பொருளாக இருந்ததே இல்லை. எனவே பிரிக்க முடிவதுதான் நல்ல கட்டு என்பது என் தீர்மானமான கருத்து.

கேபிள்களை வாரி ஒழுங்காகக் கட்டுவதைக் களத்தில் கேபிள் டிரெஸ்ஸிங் என்பார்கள். சீப்பால் வாரியதுபோல் நூறு கேபிள்கள் இணையாக இறங்கும் படங்களை எல்லோரும் ரசித்துப் பகிர்கிறார்கள். அங்கேதான் இயற்பியல் நம்மைத் திருத்துகிறது. ஈதர்நெட் 10 கிகாபிட்டுக்கு ஏறியபோது, ஒரு கேபிளின் குறிகை பக்கத்துக் கேபிளுக்குத் தாவுவது பெரிய தொல்லையாக முளைத்தது. ஒரே கேபிளுக்குள் உள்ள ஜோடிகளின் குறுக்கீட்டைக் கருவி கணித்து நீக்கிவிடும். பக்கத்துக் கேபிளில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாதே. பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரே அண்டை வீட்டுக்காரரோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு போகும் கேபிளுக்கு இந்தத் தாவல் அதிகம். தளர்வாக, இடம் மாறி மாறிக் கிடக்கும் கற்றையில் குறைவு. தகட்டுறை இல்லாத கேபிளை நீண்ட தூரத்துக்கு வாரி இறுக்கிக் கட்டினால், கண்ணுக்கு ஒழுங்காகவும் குறிகைக்கு ஒழுங்கீனமாகவும் ஆகிவிடுகிறது.

ஒளியிழைக்கு இந்தத் தாவல் கவலை கிடையாது. ஆனால் அதற்கென்று தனிச் சுபாவம் உண்டு. ஒளி ஓடும் மையம் ரேக்குகளுக்கிடையே போடும் வகையில் 50 மைக்ரான், நெடுந்தூர வகையில் சுமார் 9 மைக்ரான். கனெக்டரின் முகத்தில் ஒரு தூசி ஒட்டினால், பாதை அடைபட அதுவே போதும். எனவே புதிதாக உறை பிரித்த கேபிளையும் துடைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். அதிகம் வளைத்தால் ஒளி சுவரில் பட்டுத் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். நெடுந்தூர வகைக்கு மஞ்சள் உறை, மற்றதற்கு வெளிர் நீலப்பச்சை உறை என்ற நிற வழக்கு இருப்பதால் இரண்டையும் மாற்றிச் செருகும் ஆபத்து பெருமளவு குறைந்திருக்கிறது.

வெப்பத்துக்கு வருகிறேன். ரேக்குக்கு முன்னாலிருந்து குளிர்காற்று நுழைந்து, டிஸ்குகளைக் கடந்து, பின்னால் சூடாக வெளியேறும். பின்னால் கேபிள்கள் திரைபோல் தொங்கினால் காற்று திணறும். தேவைக்கு மேல் நீளமான கேபிளை வாங்கி, மிச்சத்தைச் சுருட்டி ஷெல்ஃபின் வாயிலேயே திணிப்பதுதான் இதில் முதல் குற்றம். அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று அளந்து வாங்குவதில் கொஞ்சம் சலிப்பு உண்டு. பலன் அதைவிடப் பெரிது. காற்று திணறினால் உள்ளே வெப்பம் ஏறும், விசிறி வேகமெடுக்கும், விசிறியின் ஒலியும் அதிர்வும் கூடும். அதிர்வு கூடினால் என்ன? டிஸ்கில் தரவுத் தடங்களின் இடைவெளி நூறு நானோமீட்டருக்கும் குறைவு. படித்து எழுதும் முனை அந்தத் தடத்திலிருந்து இம்மி விலகினாலும் எழுதுவதை நிறுத்தி, தட்டு இன்னொரு சுற்று வரக் காத்திருக்க வேண்டும். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் இயங்கிக்கொண்டிருந்த டிஸ்க் ஷெல்ஃபின் முன் நின்று உரக்கக் கத்தினார். திரையில் டிஸ்குகளின் தாமதத்தைக் காட்டும் வரைபடம் அந்த நொடியில் எகிறியது. ஒரு மனிதக் குரல் போதுமாயிருந்தது. அப்படியானால் நாள் முழுவதும் முழுவேகத்தில் சுழலும் விசிறி என்ன செய்யும்? பின்பக்கம் தொங்கும் கேபிள் கொத்து ஒன்று, தரவையே தொடாமல், தரவின் வேகத்தைக் குறைத்துவிட முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கேபிளைப் பற்றி. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பதில்தான் உண்மையான அறிவு இருக்கிறது.

சேமிப்பு ரேக்கில் எல்லாம் இரண்டிரண்டு. கண்ட்ரோலர் இரண்டு. ஒவ்வொரு ஷெல்ஃபிலும் கேபிள் செருக ஏ, பி என்று இரண்டு மாட்யூல். சாஸ் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒன்று ஏ பக்கம் திறக்கும், மற்றது பி பக்கம். ஷெல்ஃப்களை ஒன்றோடொன்று சங்கிலியாக இணைப்பார்கள். ஐந்து ஷெல்ஃப் என்று வைத்துக்கொள்வோம். கண்ட்ரோலரிலிருந்து கேபிள் முதல் ஷெல்ஃபின் ஏ மாட்யூலுக்கு, அங்கிருந்து இரண்டாவதின் ஏ-க்கு, இப்படி ஐந்துவரை. பி பக்கமும் இதே மாதிரி மேலிருந்து கீழே இறக்கிவிடலாம். பார்க்கச் சமச்சீராக, மிக அழகாக இருக்கும். எல்லாக் கேபிளும் ஒரே நீளம்.

ஒருநாள் மூன்றாவது ஷெல்ஃப் மொத்தமாகச் செத்துப்போகிறது. ஏ வழியாக வந்தால் இரண்டாவதோடு பாதை முடிகிறது. பி வழியாக வந்தாலும் இரண்டாவதோடு முடிகிறது. நான்கும் ஐந்தும் முழு ஆரோக்கியத்தோடு சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றை எட்ட வழியில்லை. செத்தது ஒன்று, இழந்தது மூன்று.

பி சங்கிலியைத் தலைகீழாக மாற்றுங்கள். கண்ட்ரோலரிலிருந்து நேரே கீழே ஐந்தாவது ஷெல்ஃபின் பி-க்கு ஒரு நீளக் கேபிள். அங்கிருந்து நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மேலேறும். இப்போது மூன்றாவது செத்தால், ஏ வழியாக ஒன்றும் இரண்டும் கிடைக்கும். பி வழியாக ஐந்தும் நான்கும் கிடைக்கும். இழப்பு அந்த ஒன்று மட்டும். ஒரே தெருவுக்கு இரு முனையிலிருந்தும் குடிநீர்க் குழாய் வந்தால், நடுவில் ஒரு வீட்டு வாசலில் குழாய் உடைந்தாலும் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் நிற்காது, அதே ஏற்பாடுதான். கூடுதல் செலவு ஒரு நீளக் கேபிள். புதிய கருவி இல்லை, புதிய மென்பொருள் இல்லை. கேபிள் செருகும் வரிசையை மாற்றியதில் மூன்று ஷெல்ஃப் இழப்பு ஒன்றாகக் குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இது.

அந்த ஒரு இழப்பையும் சமாளிக்கலாம். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய ரெய்டு முறையில், ஒரு குழுவில் ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கலாம். குழுவில் உள்ள டிஸ்குகளை ஒரே ஷெல்ஃபிலிருந்து எடுக்காமல், ஷெல்ஃபுக்கு ஒன்றாக எடுத்தால், ஒரு ஷெல்ஃப் முழுவதும் போவது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டிஸ்க் போனதாகவே இருக்கும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லுபடியாவது கேபிள் சொன்னபடி செருகப்பட்டிருந்தால்தான். பி சங்கிலியையும் மேலிருந்தே தொடங்கிச் செருகியிருந்தால், எல்லா விளக்கும் பச்சையாக எரியும், எல்லா டிஸ்கும் தெரியும், எதுவும் தவறாகத் தோன்றாது. ஷெல்ஃப் ஒன்று சாகும் நாளில்தான் அந்தப் பிழை வெளியே வரும்.

மின்சாரமும் இப்படித்தான். ஷெல்ஃபுக்கு இரண்டு பவர் சப்ளை. ரேக்கின் இருபுறமும் இரண்டு மின்பட்டைகள். சிவப்பு பவர் கார்டு ஒருபுறம், நீலம் மறுபுறம் என்று நிறம் பிரிப்பது நல்ல பழக்கம். இதில் மறைந்திருக்கும் கணக்கு எளியது, தவறவிடுவதும் எளிது. 32 ஆம்பியர் தாங்கும் பட்டை இரண்டிலும் 18 ஆம்பியர் ஓடுகிறது என்றால், பாதியை ஒட்டித்தான் இருக்கிறது, பரவாயில்லை என்று தோன்றும். ஒன்று நின்றவுடன் மற்றதன் தலையில் 36 ஆம்பியர் விழும். அதுவும் துண்டிக்கக்கூடும். இரண்டு வழி இருந்தும் ரேக் முழுவதும் இருட்டு.

மாட்டும் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், தேர்ந்த கையை அதன் வரிசையிலேயே கண்டுகொள்ளலாம். பவர் ஒரு ஓரம், டேட்டா மறு ஓரம் என்று முதலில் பிரித்துவிடுவார். கேபிளைச் செருகும்போது சொடுக் என்ற சத்தம் கேட்டபின் மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். போர்ட்டிலிருந்து கேபிள் தன் எடையால் தொங்கக் கூடாது. பக்கவாட்டில் ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தாங்கல் கொடுத்தபின்தான் இறக்குவார். எந்தக் கேபிளும் பவர் சப்ளைக்கோ விசிறிக்கோ குறுக்கே போகாது; ஏனென்றால் அவற்றைக் கருவி ஓடும்போதே கழற்றி மாற்ற வேண்டிவரும், அதற்காக நல்ல கேபிள் ஒன்றைப் பிடுங்கும் நிலை வரக் கூடாது. மேற்பக்கம் திறந்து டிஸ்க் மாற்றும் ஷெல்ஃப் என்றால் இன்னொரு கவனம். இயங்கும் நிலையிலேயே அதை இழுப்பறைபோல் முன்னே இழுப்பார்கள். பின்னாலுள்ள கேபிள்களும் கூடவே போக வேண்டும். அந்த நீளத்தைக் கணக்கிட்டுத் தளர்வு விட்டிருந்தால் அவை நீண்டு கொடுக்கும். இல்லையென்றால் ஒரு டிஸ்கை மாற்றப் போய் அறுபதையும் பிடுங்கிவிடுவோம். எல்லாவற்றையும் செருகி முடிக்கும்வரை அவர் வெல்க்ரோவைத் தொடுவதே இல்லை.

பிறகு லேபிள். இரண்டு முனையிலும், போர்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கேபிளைத் திருப்பாமல் படிக்கும்படி. ‘ரேக் 12, யு 20, ஏ மாட்யூல், போர்ட் 1’ என்று இந்த முனை எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரியிலும், மறுமுனை எங்கே போகிறது என்பதை அடுத்த வரியிலும் அச்சிட்டிருக்க வேண்டும். பேனாவால் எழுதிய காகிதத் துண்டு அந்தச் சூட்டில் ஓராண்டு தாங்காது. லேபிளை ஒட்டுபவருக்கு அது அப்போது தேவையில்லை, எல்லாம் நினைவில் இருக்கிறது. அது, அவர் வேலை மாறிப் போய் ஐந்தாண்டு கழித்து, நள்ளிரவில் அழைப்பு வந்து ஓடிவரும் முன்பின் அறியாத ஒருவருக்கானது.

லேபிளும் வரைபடமும் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் சாட்சி. அங்கே துகள்முடுக்கிகளுக்காகப் பல பத்தாண்டுகளாகக் கேபிள்களைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். புதிய கருவி வரும்போது புதிய கேபிள். பழைய கருவி போனாலும் பழைய கேபிள் அங்கேயே கிடந்தது. மேம்பாட்டுப் பணி வந்தபோது தட்டுகளில் புதிய கேபிளுக்கு இடமில்லை. 2016 வாக்கில் சுமார் 9,000 பயனற்ற கேபிள்களை அடையாளம் கண்டு அகற்ற வேண்டியிருந்தது. வெட்டுவது பெரிய வேலை இல்லை. உயிருள்ள கேபிள்களுக்கு நடுவே எது உயிரற்றது என்று உறுதிசெய்வதுதான் பெரும்பாடு. தவறான ஒன்றை வெட்டினால் உலகின் மிகப் பெரிய துகள்முடுக்கிக்குத் துகள் அனுப்பும் முடுக்கி நின்றுவிடும்.

எனவே எந்தச் சேமிப்பு ரேக்கிலும் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். உண்மையான தரவை ஏற்றுவதற்கு முன், சோதனைத் தரவை ஓடவிட்டு, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்ப்பது. ஒரு சாஸ் கேபிளை எடுத்தால், அதன் வழியாகவும் இன்னொரு வழியாகவும் எட்டிய டிஸ்குகளுக்கு ஒரு பாதை மிஞ்சுவதாகத் திரை காட்ட வேண்டும். ஒரு டிஸ்கும் காணாமல் போகக் கூடாது. திரும்பச் செருகினால் மறுபடி இரண்டு. அடுத்த கேபிள். பிறகு இடப்பக்க மின்பட்டையை முழுவதும் அணைத்து, வலப்பக்கத்தில் எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வலப்பக்கம். கடைசியில் நடு ஷெல்ஃபின் இரண்டு பவர் கார்டுகளையும் உருவிவிட்டு, கீழே உள்ள இரண்டும் திரையில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். அவை இல்லையென்றால் பி சங்கிலியும் மேலிருந்தே தொடங்கியிருக்கிறது. அந்த நிலையில் அதைச் சரிசெய்யக் கேபிளை இடம் மாற்றினால் போதும், சில நிமிட வேலை. தரவு ஏறியபின் அதே கேபிளைத் தொட, பல துறைகளிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வரை காத்திருக்க வேண்டும். மாட்டியவரும் பிடுங்கிப் பார்ப்பவரும் வெவ்வேறு ஆளாக இருப்பது நல்லது. இரண்டாமவர் கையில் இணைப்பு வரைபடத்தை மட்டும் கொடுத்து, முதலாமவரிடம் எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.